சக்கரக் குடமும் கொல்லாமையும்

ஓர் உயிர் துன்புற்ற பின்னரே ஹிம்சை நிகழ்ந்தது என்று கொள்ள வேண்டுமா? அல்லது, எவ்வுயிரும் துன்புறாதபோதும் ஒருவன் ஹிம்சை செய்தவன் ஆகக் கூடுமா? இக்கேள்வி நம் சமயத்தார்க்குப் புதியது அன்று. உரலிலும் உலக்கையிலும், நீர் வடிக்கும் துணியிலும், இரவில் உண்ணாமையிலும் வைத்து இதனை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வந்துள்ளனர். இன்று நம் இல்லங்கள் பலவற்றின் வாசலில் ஒரு வாகனம் நிற்கிறது. அதன் சக்கரத்தில் வைத்து இக்கேள்வியை நாம் ஆராய்ந்தது உண்டா?

சக்கரம் என்றால் கண்ணுக்குத் தெரியும் டயர் அன்று. டயர் தேய்ந்தால் தெருவில் போகிறவரும் சொல்லிவிடுவர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது சக்கரத்தின் நடுவே, மூடியிட்ட குடத்தினுள், கிரீஸில் தோய்ந்து கிடக்கும் பேரிங்கை. அதனைத் தாங்கி என்று தமிழில் எழுதலாம். எனினும் பட்டறையில் வழங்கும் சொல்லையே நாமும் வழங்குவோம். ஆண்டுக்கணக்கில் எவரும் பாராத பொருள் அது. எவரும் பாராத இடத்தில் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதே அவருடைய ஒழுக்கத்தின் அளவுகோல் என்று வகுப்பறையில் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோம். அதனால் இப்பொருள் நமக்கு ஏற்றதாகவே தோன்றுகிறது.

வண்டிச் சக்கரத்திலிருந்து தொடங்குவோம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. ஆகவே நம் ஊர்களில் முன்பு ஓடிய மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம். மரக்குடம், அதில் பாய்ந்த ஆரக்கால்கள், அவற்றைச் சூழ்ந்த வட்டை, குடத்தின் துளை வழியே செல்லும் இருசு, சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணி ஆகியவை அதன் உறுப்புகள். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையைக் குடத்தில் இட்டால்தான் சக்கரம் முனகாமல் சுழலும். மை வற்றினால் குடம் கதறும். மாடு கூடுதலாக இழுக்க வேண்டி வரும். மை இடாத சோம்பலின் விலையை மாட்டின் கழுத்து கொடுத்தது. வண்டிக்காரர் சாட்டையை ஓங்கவே இல்லை என்றாலும் அது ஹிம்சைதான் என்பதை நம் பெரியோர் அறிந்திருந்தனர். அச்சாணி சிறிதாயினும் தேர் அதனை நம்பியே உருள்கிறது என்பதால்தான் திருக்குறளிலும் அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

வண்டிக் குடத்தில் இரும்போடு இரும்பு உராய்ந்தது. உராய்வதற்குப் பதிலாக உருளச் செய்தால் இழுப்பு எளிதாகும் என்பதே பேரிங்கின் தத்துவம். வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் நகரில் இரும்பு வார்ப்பாலை நடத்திய பிலிப் வான் என்பவர், வண்டி அச்சுக்கும் குடத்துக்கும் இடையே உருண்டைகளை வைக்கும் முறைக்கு 1794-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன், ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுத்த உருளைகளைக் கொண்ட பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். வண்டி நேரே செல்லும்போது பாரம் மேலிருந்து கீழே அழுத்தும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும். சாய்வாக அமைந்த அவ்வுருளைகள் இரண்டையும் ஒருசேரத் தாங்கும். கார்களின் முன்சக்கரங்களுக்கு இவ்வமைப்பே பல்லாண்டுக் காலம் உரியதாயிற்று.

நம் பக்கத்து ஊரில் பிறந்த ஒரு கார்

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-ஆம் ஆண்டு முதல் ஹெரால்டு என்னும் காரைச் செய்து வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு அது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் அமரும் திறந்த விளையாட்டுக் கார் ஒன்றை 1962-இல் இங்கிலாந்தில் வெளியிட்டனர். அதுவே ஸ்பிட்ஃபயர். 1980 வரை அது உற்பத்தியில் இருந்தது. முன்சக்கரங்களின் தாங்கும் அமைப்பு இரண்டு கார்களுக்கும் அடிப்படையில் ஒன்றே. வண்டலூர் ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் ஹெரால்டைத் தேடி வாங்கிச் சீர்செய்து ஓட்டும் அன்பர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளனர்.

நம் உறவினர் இல்லத்து இளைஞர் ஒருவரும் அத்தகையவர். வேலூரில் பட்டறை ஒன்றில் அவருடைய ஹெரால்டின் முன்சக்கரத்தைக் கழற்றியபோது நாமும் அருகிருந்து பார்த்தோம். மெக்கானிக் பெரியவர் முதலில் சக்கரத்தின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் அசைத்தார். சக்கரம் 'கடக் கடக்' என்று ஆடிற்று. பின்னர் கிரீஸ் மூடியைக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டைத் திருகிக் குடத்தை வெளியே இழுத்தார். உள்ளே சிறிதும் பெரிதுமாக இரண்டு பேரிங்குகள் எதிரெதிராக அமர்ந்திருந்தன. கிரீஸ் கறுத்துக் கட்டியாகி இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியபின் உருளைகளின் மேல் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரிந்தன. உருளைகள் ஓடும் கிண்ணத்தின் ஓரிடம் சூட்டால் நீலம் பாரித்திருந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்த வேலை ஒரு பாடம் போலவே இருந்தது. பழைய கிண்ணத்தைக் குடத்திலிருந்து ஒரே பக்கமாக அடித்து எடுக்கலாகாது. சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தட்ட வேண்டும். கோணிக்கொண்டால் குடமே கீறும். உருளைகளை மட்டும் புதிதாக வைத்துப் பழைய கிண்ணத்தை விட்டுவைக்கலாகாது. பழைய வடு புதியதை அரித்துவிடும். கிரீஸை உள்ளங்கையில் வைத்துப் பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்குகள் தோறும் புகச் செய்ய வேண்டும். குடம் முழுவதையும் கிரீஸால் அடைத்தல் தவறு. சூடேறி வெளியே வழியும். நட்டைச் சக்கரம் சுழலச் சுழல இறுக்கிப் பின் சற்றே தளர்த்த வேண்டும். தலைமயிரின் கனம் அளவுக்கே ஆட்டம் இருக்கலாம். மிக இறுகினால் பேரிங் வெந்துபோகும். மிகத் தளர்ந்தால் அடிபட்டுச் சிதையும். கழற்றிய ஸ்பிளிட் பின்னை மீண்டும் இடாமல் புதியது இட வேண்டும். அதன் விலை ஒரு தேநீரின் விலை கூட இராது. ஆனால் நட்டு கழன்றுவிடாமல் காப்பது அதுவே. நம் வண்டியின் கடையாணி புதிய உருவில் அங்கே இருந்தது.

இவற்றையெல்லாம் செய்யாவிடில் என்ன நேரும்? முதலில் ஒரு மெல்லிய உறுமல் கேட்கும். வளைவில் திரும்பும்போது அது கூடும் அல்லது குறையும். பின்னர் குடம் சூடேறும். இறுதியில் உருளைகள் இறுகிப்போய், உள்வளையம் அச்சின் மேலேயே சுழன்று அச்சைத் தின்னும். அச்சு முறிந்தால் சக்கரம் தனியே ஓடும். நம் பகுதியில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்கள் வேன்களுக்காக அச்சாலையின் ஓரத்தில்தான் கூட்டமாக நிற்பர். தனியே ஓடும் சக்கரம் அவர்களை நோக்கியும் ஓடக் கூடும்.

இருவரில் குற்றவாளி யார்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இரண்டு கார் உரிமையாளர்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் பத்தாண்டுகளாகக் குடத்தைத் திறந்ததே இல்லை. உறுமல் கேட்டபோது வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொண்டார். ஆயினும் அவருக்கு விபத்து ஏதும் நேரவில்லை. காரை நல்ல விலைக்கு விற்றும்விட்டார். இரண்டாமவர் ஆண்டுதோறும் திறந்து பார்த்தவர். நல்ல பேரிங்கை நம்பகமான கடையில் வாங்கியவர். தேர்ந்த கையால் பொருத்தச் செய்தவர். எனினும் இரும்பினுள் மறைந்திருந்த, எந்தக் கண்ணும் காண இயலாத ஒரு பிளவினால் அவருடைய சக்கரம் கழன்று ஒருவர் காயமுற்றார். இவ்விருவரில் ஹிம்சை செய்தவர் யார்?

உலக வழக்கு தயங்காது விடை சொல்லும். முதலாமவரை அதிர்ஷ்டசாலி என்றும், இரண்டாமவரைக் குற்றவாளி என்றும் சொல்லும். விளைவை வைத்து வினையை அளப்பது உலகின் வழக்கம். நம் நூல்களோ வேறு விதமாக அளக்கின்றன. உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையை அதன் வேராக வைத்தது. நம் பொன்னூர் மலையோடு தொடர்புடையவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியரும் பிரவசனசாரத்தில், உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் கவனமற்று ஒழுகுபவருக்கு ஹிம்சை உண்டு என்றும், கவனத்தோடு ஒழுகுபவரை வெறும் நிகழ்ச்சி கட்டாது என்றும் தெளிவுறுத்தினார். இவ்வளவுகோலால் அளந்தால் முதலாமவரே ஹிம்சை செய்தவர். பத்தாண்டுகளில் ஒரு நாள் அன்று, ஒவ்வொரு நாளும் செய்தவர்.

இவ்விடை பலருக்குக் கசக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பர். ஆகாமற் போனது அவருடைய செயலால் அன்று. சாலையோரம் நின்றவர்களின் உயிரை அவர்களைக் கேளாமலே அவர் பணயம் வைத்தார், பணயம் தப்பியது. தப்பிய பணயம் அறமாகிவிடாது. மற்றொருபுறம், இரண்டாமவர் குற்றமற்றவர் என்பதால் அவர் கைகட்டி நிற்கலாம் என்பதும் அன்று. காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், அவர் குடும்பத்துக்கு உற்ற துணையாவதும் அவருடைய கடனே. அது தண்டனையாக அன்று, கருணையாக. வினையின் கட்டு இல்லை என்பது வேறு. நெஞ்சில் ஈரம் இல்லை என்பது வேறு.

அடிபட்டவரின் முன்வினை அது என்று சொல்லிக் கடந்துபோவாரும் நம்மிடையே உளர். பிறர் துன்பத்துக்குப் பிறர் வினையைக் காரணமாகக் காட்டுவது நம்முடைய பொறுப்பைத் துடைப்பதற்குக் கற்றுக்கொண்ட தந்திரம். வினைக் கொள்கை நம்மை நாமே ஆராய்வதற்குத் தரப்பட்டது. அடுத்தவரின் கணக்கைப் படிக்க நமக்கு உரிமை தரப்படவில்லை.

எந்த ஹிம்சையின் கீழ் இது வரும்?

இல்லறத்தார் தொடர்பான ஹிம்சையை நான்காகப் பகுத்து நம் பெரியோர் கற்பித்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்வாழ்வுச் செயல்களில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றுள் சங்கல்பியை முற்றும் விட வேண்டும்; ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பது இல்லறத்தார்க்கு உரிய நெறி. வாகனம் ஓட்டுவதால் சிற்றுயிர்கள் மடிவது ஆரம்பியின்பாற்படும் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அது ஓரளவு பொருந்தும்.

ஆனால் பேரிங்கைக் கவனியாமல் விடுவது ஆரம்பியா? அன்று. ஆரம்பி என்பது நாம் எவ்வளவு முயன்றும் எஞ்சி நிற்பது. முயலாமலே விட்டதை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. உறுமலைக் கேட்டும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தவருக்கு, ஓட்டுவது என்பதே ஒரு முடிவு. அதனால் அது சங்கல்பியை நோக்கி ஓரடி எடுத்து வைத்ததாகும். நம் காலத்து ஹிம்சைகளுள் பெரும்பாலானவை இவ்வாறே ஆரம்பி என்னும் போர்வையைப் போர்த்திக்கொண்டு நம் இல்லங்களில் குடியிருக்கின்றன என்பது நம் கருத்து.

சிராவகாசார நூல்கள் சிலவற்றில் இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்கள் பதினைந்து எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் வண்டி செய்து விற்பதும் ஓட்டுவதும் ஒன்று. இழுக்கும் விலங்கின் துன்பமும், சக்கரத்தின் கீழ் மடியும் உயிர்களும் அவர்கள் கண்முன் நின்றன. இன்று வண்டியே வேண்டாம் என்று வாழ்தல் துறவியர்க்கே இயலும். ஆனால் சக்கரத்தை அவர்கள் எவ்வளவு அச்சத்தோடு பார்த்தார்கள் என்பதையாவது நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினை மூவழியில் வரும் என்பதையும் இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். பட்டறையில் நடப்பது பெரும்பாலும் இதுவே: இரண்டு பேரிங்கும் போயிற்று என்று மெக்கானிக் சொல்வார், ஒன்றை மட்டும் மாற்று என்பார் உரிமையாளர். இரண்டு நாள் ஆகும் என்பார் அவர். மாலைக்குள் வேண்டும் என்பார் இவர். நல்ல நிறுவனத்துப் பேரிங் வேண்டும் என்பார் அவர்; அதே பெயர் அச்சடித்த போலிப் பெட்டியைப் பாதி விலைக்கு வாங்கி வருவார் இவர். ஹெரால்டின் பின்சக்கரக் குடம் அச்சில் மிக இறுகிப் பிடித்துக்கொள்வது. அதனை இழுப்பதற்கென்றே வலுவான கருவி வேண்டும். அக்கருவிக்கும் நேரத்திற்கும் கூலி கொடுக்க மறுத்தால் வேலைக்காரப் பையன் சுத்தியலைத்தான் எடுப்பான். குடத்தின் விளிம்பு வளையும். சுத்தியலை ஓங்கியது பையனின் கை. ஓங்கச் செய்தது யாருடைய அவசரம்?

குடத்தினுள் இருந்த தோல்

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கல். குடத்தினுள் தூசியும் நீரும் புகாமலும், கிரீஸ் வெளியேறிப் பிரேக்கில் படாமலும் இருக்க ஓர் அடைப்பு வளையம் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பல கார்களில் அவ்வளையம் தோலால் ஆனது. வேறு பலவற்றில் கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட்டால் ஆனது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்குடத்தில் இருப்பது ஃபெல்ட் வளையமே. தோல் என்றால் செருப்பும் பையும் என்றே நினைத்திருந்தோம். செருப்பில் தோலைத் தவிர்த்தவர் அதே தோலின் மேல் அமர்ந்து உருண்டு சென்றிருக்கக் கூடும்.

ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849-இல் தோல் பதனிடும் ஆலையாகத் தொடங்கியது ஃபிராய்டன்பெர்க் நிறுவனம். 1929-ஐ ஒட்டிய பொருளாதார நெருக்கடியின்போது அது இயந்திரங்களுக்கான தோல் வளையங்களைச் செய்யத் தொடங்கிற்று. 1930களிலேயே அவற்றைச் செயற்கை ரப்பரால் செய்யவும் தலைப்பட்டது. தோலை விட ரப்பர் வெப்பத்தையும் வேகத்தையும் நன்கு தாங்கியதே அம்மாற்றத்தின் காரணம். கருணை அங்கே காரணம் அன்று. எனினும் கருணை உடையவர்க்கு அது ஒரு வழியைத் திறந்தது.

கிரீஸின் கதையும் இத்தகையதே. எண்ணெயைச் சோப்பில் தேக்கி வைப்பதே கிரீஸ். பழங்காலத்தில் அச்சோப்பை விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்தனர். 1940களில் வந்த லித்தியம் கிரீஸ் இன்று உலகெங்கும் பெருவழக்காக உள்ளது. அதற்குரிய கொழுப்பமிலம் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படுகிறது. உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளைவது நம் நாட்டில், அதிலும் குஜராத்தில். வண்டி மையில் இருந்த விளக்கெண்ணெய் வேறு உருவில் மீண்டும் குடத்துக்கே வந்து சேர்ந்தது எனலாம். ஆயினும் எல்லா கிரீஸும் அவ்வாறு என்று கொள்ளலாகாது. டப்பாவின் மேல் மூலப்பொருள் அச்சிடப்படாதாயின் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்பது நம் கடமை. பழைய கிரீஸின் மேலேயே வேறு வகைக் கிரீஸைக் கலப்பதும் கூடாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும்.

இங்கேதான் உண்மையான சோதனை எழுகிறது. பழைய கார் ஒன்றில் தோல் வளையம் இருப்பதைக் கண்டு அதனை எடுத்தெறிந்துவிட்டார் ஓர் அன்பர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஈடான ரப்பர் வளையம் உடனே கிடைக்கவில்லை. தோலைத் தீண்டேன் என்ற உறுதியோடு, அடைப்பு இன்றியே காரை ஓட்டுகிறார். தூசி புகுகிறது, கிரீஸ் பிரேக்கில் கசிகிறது. அவர் விரதம் காத்தவரா? இல்லை என்பதே நம் துணிபு. இறந்த விலங்கின் தோலைத் தொடாமை தூய்மை. உயிரோடு சாலையில் நடப்பவரைக் காத்தல் கொல்லாமை. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கைவிடுதல் தலைகீழ் நெறி. தக்க வளையம் கிடைக்கும் வரை காரை நிறுத்தி வைப்பதே அவர் செய்யத்தக்கது. அதற்குப் பொறுமை வேண்டும்; பொறுமையும் நம் பத்து அறங்களுள் ஒன்றுதானே? ஃபெல்ட் வளையத்தைப் பற்றி, அது கத்தரித்த கம்பளி எனினும் ஆடுகளின் துன்பத்தைக் கருதி வேண்டாம் என்பாரும், இருக்கலாம் என்பாரும் உளர். அதனை அவரவர் விரத அளவுக்கு விட்டுவிடலாம். இடத்தை வெறுமையாக விடுதல் மட்டும் எவர்க்கும் ஆகாது.

பாலாறு கற்பித்தது

உள்ளே மறைந்து வளரும் கேடு வெளியே ஒலிக்கும்போது காலம் கடந்திருக்கும் என்பதை நம் பகுதி மக்களுக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவுநீர் பல்லாண்டுகள் மண்ணுள் இறங்கியது. கிணற்று நீர் நிறம் மாறிய பின்னரே கேடு தெரிந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகி விட்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கேடு முழுவதும் மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்னரே காக்க வேண்டும் என்னும் கொள்கையையும், கேடு செய்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக் கேட்டினைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புக் கூற நேர்ந்தது.

அத்தொழிலில் உழைத்துப் பிழைக்கும் அண்டை வீட்டாரைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. முன்னரே காத்தல் என்று நீதிமன்றம் சொன்னதும், பிரமாதம் கூடாது என்று நம் ஆசாரியர்கள் சொன்னதும் ஒரே பாதையில் செல்கின்றன என்பதைக் காட்டவே இதனைச் சொன்னோம். அப்பாதை நமக்கும் உரியது. பேரிங் கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய கிரீஸையும் பட்டறைக் கால்வாயில் கொட்டினால் அதுவும் அதே மண்ணுக்கும் அதே ஆற்றுக்கும்தான் போகிறது. மண்ணில் வாழும் சிற்றுயிர்களை மாய்க்கிறது. ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்துக் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்தல் பெரிய வேலை அன்று. ஆலைகளுக்கு ஒரு நீதி, நம் காருக்கு ஒரு நீதி என்று இருத்தல் தகாது.

பற்றா, பொறுப்பா?

பழைய காரை இவ்வளவு பேணுவதே ஒரு பற்று அன்றோ, பரிக்கிரகம் அன்றோ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பற்று எங்கும் புகும். பழைய காரில் சற்று எளிதாகவே புகும். அதனைக் கண்டறிய ஓர் எளிய சோதனையைச் சொல்வோம். காரின் மேனிப் பளபளப்புக்கும் குரோமியப் பட்டைக்கும் செலவிட்ட பொழுது எவ்வளவு, குடத்தினுள் செலவிட்ட பொழுது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். பிறர் கண்டு வியக்கும் இடத்தில் உழைத்தது மிகுதியாயின் அது பெரும்பாலும் பற்று. பிறர் ஒருபோதும் காணாத, ஆனால் பிறர் உயிரைத் தாங்கும் இடத்தில் உழைத்தது மிகுதியாயின் அது பெரும்பாலும் பொறுப்பு. நாம் கண்ட அந்த இளைஞர் வண்ணம் பூசும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, நான்கு சக்கரங்களின் பேரிங்குகளையும் மாற்றினார். கார் இன்னும் மங்கலாகவே உள்ளது.

பழைய கார் இல்லாதவர்க்கு இதில் என்ன என்று எண்ண வேண்டா. இன்றைய கார்களில் பேரிங் குடத்தோடு ஒன்றாக முத்திரையிடப்பட்டு வருகிறது. திறந்து கிரீஸ் இட வேண்டியதில்லை. ஆனால் அதுவும் தேயும், அதுவும் உறுமும், ஸ்கூட்டரும் மொபெட்டும் டிராக்டரின் பின்வண்டியும் கூட அவ்வாறே. கேட்கும் செவி ஒன்றே வேண்டுவது. பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வாகனத்தில் புதிதாக ஓர் ஒலி கேட்டால் அதனைப் பழகிக்கொள்ளாதீர்கள். பழகிப்போதல் என்பதே பிரமாதத்தின் மற்றொரு பெயர்.

மழைக்காலம் நான்கு மாதமும் நம் துறவியர் ஓரிடத்தில் தங்குவர். ஈர மண்ணில் பெருகும் உயிர்களைத் தம் காலடி நசுக்கிவிடலாகாது என்பதற்காகவே சாதுர்மாசியம். நம்மால் அவ்வாறு நிற்க இயலாது. பள்ளிக்கும் பணிக்கும் சந்தைக்கும் சென்றாக வேண்டும். எனினும் அதற்கு ஈடாக ஒன்றைச் செய்யலாம். ஆண்டுதோறும் மழை தொடங்குமுன் ஒரு நாளை ஒதுக்கி, வாகனத்தைத் தூக்கி நிறுத்தச் செய்து, நான்கு சக்கரங்களையும் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெரால்டு போன்ற பழைய கார் எனில் முன்குடங்களைத் திறந்து, கழுவி, புதிய கிரீஸும் புதிய ஸ்பிளிட் பின்னும் இடச் செய்யுங்கள். இல்லத்துப் பிள்ளைகளையும் அருகில் நிறுத்திப் பார்க்க வையுங்கள். வேலை முடிந்ததும் மெக்கானிக்குக் கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

அறம் வளர்க.